லைபீரியாவின் கை

உ

ஹம்டன் லேன், வெள்ளவத்தை
8 செப்டெம்பர் 1946

அன்புள்ள றஸ்மியா,

இதற்கு முன் எழுதியதைக் கிழித்துவிட்டேன். அதில் மரியாதை போதவில்லை. இதிலும் போதாவிட்டால் பொறுத்துக்கொள்.

உனக்கு என்ன நடந்தது? நேற்று எங்கள் மாணவியர் மாதிரிச் சபையில் ஐந்து நாடுகள் வரவுசெலவுத் திட்டத்துக்குக் கை தூக்கின. பிரிட்டன், சீனா, எகிப்து, மெக்சிக்கோ, என்னுடைய நோர்வே. லைபீரியா மட்டும், அதாவது நீ, எழுந்து நின்று "லைபீரியா எதிர்க்கிறது" என்றாய். பிரிட்டனாகவும் தலைவியாகவும் இருக்கும் ஐறீன் காரணம் கேட்டாள். "அச்சு அட்டைகள் ஆடம்பரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். அதோடு எல்லாம் முடிந்தது. சபையின் விதிப்படி கூட்டத்துக்கு வந்த நாடுகள் அத்தனையும் ஓம் சொன்னால்தான் வரவுசெலவு நிறைவேறும். நிறைவேறாவிட்டால் செலவே இல்லை. புதுக் கொடி இல்லை, தேத்தண்ணிகூட இல்லை. மெக்சிக்கோ பட்டீஸ் தட்டைப் பார்த்துப் பார்த்து வெளியே போனதை நீ கவனிக்கவில்லை. உன் கார் அதற்குள் வந்துவிட்டது.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். ஜெனீவாவிலிருந்த பழைய சர்வதேச சங்கத்தில் இப்படித்தான். ஒரு நாடு மாட்டேன் என்று தலையை ஆட்டினால் போதும், மற்ற எல்லா நாடுகளும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். அந்தச் சங்கத்தைச் சித்திரை மாதத்தில் கலைத்துவிட்டார்கள். புதிய ஐக்கிய நாடுகள் சபையில் வரவுசெலவுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குப் போதும். பத்திரிகையில் வந்த சாசனத்தை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். எங்கள் சபையும் அப்படி மாறவேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன்.

அந்தத் தீர்மானம் நிறைவேறுவதற்கும் எல்லோரும் ஓம் சொல்லவேண்டும். நீயும்தான். இதை எழுதும்போதே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். நான் கொட்டாஞ்சேனையை விட்டு வந்தது உன்னோடு இப்படிச் சண்டை போடுவதற்கா?

இப்படிக்கு,
நாகேஸ்வரி

பி.கு.: இதை உன் வாப்பா முதலில் வாசிப்பார் என்று தெரியும். மாமா, என் கோபம் றஸ்மியாவோடு மட்டும்தான்.

*

786

ஜம்பட்டா வீதி, கொட்டாஞ்சேனை
11 செப்டெம்பர் 1946

அன்புள்ள நாகேஸ்,

எனக்கு வரும் கடிதத்தை வாப்பா வாசித்துவிட்டுத்தான் தருவார். உனக்கு அது புதிதில்லை. ஆனால் உன் கடிதத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு, உம்மாவும் மூத்த பிள்ளை புவாத் நானாவும் கேட்க, ரேடியோவில் செய்தி சொல்வது போல உரத்து வாசித்தார். 'மாமா' என்ற இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார்.

"மரியாதயான புள்ள. ஆனா சண்டக்காரி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு கையால அஞ்சு நாட்ட நிப்பாட்டிப் போட்டியா?" என்று கேட்டார். நான் ஏச்சு விழப்போகிறது என்று தலையைக் குனிந்தேன். அவர் நானாவின் முதுகில் தட்டி, "பாத்தியாடா, என்ட புள்ள!" என்றார்.

காரணம் இருக்கிறது. வாப்பா இருக்கும் மெயின் வீதிப் புடைவைக் கடைக்காரர் சங்கத்திலும் பதினெட்டுக் கடையும் சம்மதித்தால்தான் எதுவும் நடக்கும். கடைகளுக்கு நடுவே போகும் ஒழுங்கைக்குப் பொதுவாக ஒரு இரும்புக் கதவு போட மற்றவர்கள் கேட்கிறார்கள். வாப்பா ஒருவர்தான் வேண்டாம் என்கிறார். ஏனென்று இப்போது அவருக்கே சரியாக ஞாபகமில்லை. ஆனாலும் விடமாட்டார்.

சரி, என் காரணத்துக்கு வருகிறேன். திட்டத்தின் பிரதி உன்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார். போன வருடம் 'பிரயாணம்' என்று ஒரு வரி இருந்தது. இந்த வருடம் அது இல்லை. அந்த இடத்தில் பொன் விளிம்பு வைத்த நிகழ்ச்சி அட்டை இருக்கிறது.

அந்த வரி நான்தான், நாகேஸ்.

திரை போட்ட வாடகைக் காரும் பள்ளிக்கூடத்து ஆயாவும் வந்தால் மட்டும்தான் வாப்பா என்னைப் பம்பலப்பிட்டி மண்டபத்துக்கு விடுவார். ட்ராமிலும் பஸ்ஸிலும் விடமாட்டார். சனிக்கிழமை வந்தது பழைய கணக்கின் கடைசிக் கார். இந்தத் திட்டம் நிறைவேறியிருந்தால் அதுவே என் கடைசிக் கூட்டம். எனக்கு இந்த வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் தவிர இருக்கும் ஒரே இடம் அந்த மண்டபத்துக் கதிரைதான்.

ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்பாய். லைபீரியா தேசத்துக்கு மூடுகார் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? நான் நாடாக நின்றுகொண்டிருந்தேன். அதைச் சொன்ன உடனே ஐந்து பேரும் என் முக்காட்டைப் பார்த்திருப்பார்கள். அட்டையைப் பற்றிச் சொல்வது சுலபமாக இருந்தது.

இப்போது என் வாக்கின் பலத்தை ஒழிப்பதற்கு என் வாக்கையே கேட்கிறாய். நல்ல துணிச்சல் உனக்கு. முடியாது.

இப்படிக்கு,
றஸ்மியா பலீல்

*

உ

வெள்ளவத்தை
14 செப்டெம்பர் 1946

அன்புள்ள றஸ்மியா,

செயலாளர் என்று அந்தத் திட்டத்தை ஆறு பிரதி எடுத்தவள் நான். எல்லாம் என் கையெழுத்து. ஒரு வரி குறைந்ததைக் காணாமல் பொன் விளிம்புக்கு அழகாக அடிக்கோடு போட்டிருக்கிறேன். என்மேல் எனக்கு வந்த எரிச்சலை எழுதினால் தபால் செலவு கூடிவிடும்.

ஐறீனிடம் கேட்டேன். அவள் சூது நினைத்துச் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். "காரில் வருவது லக்சரி இல்லையா? நாங்கள் எல்லோரும் பஸ்ஸில்தானே வாறம்" என்றாள். நீ சொகுசுக்குக் காரில் வருகிறாய் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்! விளக்கப் போனேன். அவள் கேட்கவில்லை, சபையை நீ அவமதித்ததைப் பற்றியே கதைத்தாள்.

ஆனால் றஸ்மியா, நீ ஒன்றை யோசிக்கவேண்டும். உன் 'இல்லை' ஐறீனின் அட்டையைத் தடுக்கும். காரைக் கொண்டுவராது. தடுக்கத்தான் அதற்குப் பலம் உண்டு, தருவதற்கு இல்லை. மூன்றில் இரண்டு என்றால் ஆறில் நான்கு பேர் போதும். நாங்கள் இருவர் இருக்கிறோம், இன்னும் இருவரைப் பிடிக்க என்னால் முடியும்.

இதற்குள் இன்னொரு கூத்து. அதை நினைத்தால் எனக்குத் தலை வெடிக்கிறது. விதியை மறுபடி வாசித்தேன். 'கூட்டத்துக்கு வந்த நாடுகள்' எல்லாம் சம்மதிக்கவேண்டும் என்றுதான் இருக்கிறது. வராத நாடு கணக்கில் இல்லை. வரவுசெலவு நிறைவேறாததால் 21ஆம் திகதிக் கூட்டத்துக்குக் கார் வராது. கார் வராவிட்டால் நீ வரமாட்டாய். நீ வராவிட்டால் ஐந்து பேர் ஓம் சொல்வதே ஏகமனதாகிவிடும்! உன் 'இல்லை'யே உன்னை வெளியே வைத்துப் பூட்டிவிட்டது. ஐறீன் இதை எனக்கு முன்னரே கண்டுபிடித்துவிட்டாள். பஸ் தரிப்பில் நின்றுகொண்டு, "பாவம் லைபீரியா, இந்த முறை எப்படி வருவாளோ" என்று சிரித்தாள்.

என் தீர்மானம் நிறைவேறத்தான் போகிறது. ஆனால் நான் அதை இப்படிக் கேட்கவில்லை. எப்படியாவது வா. வந்து எனக்கு எதிராகவாவது கை தூக்கு.

நாகேஸ்

*

786

கொட்டாஞ்சேனை
18 செப்டெம்பர் 1946

அன்புள்ள நாகேஸ்,

எப்படியாவது வா என்று எழுதுவதற்கு ஒரு சொட்டு மை போதும். நான் செய்து பார்த்ததைக் கேள்.

முதலில் புவாத் நானாவைக் கெஞ்சினேன். சனிக்கிழமை கடையில் கூட்டம், அவரால் அசைய முடியாது. பிறகு உம்மாவிடம் போனேன். "வாப்பாட்ட கேளு" என்றார். வாப்பாவிடம் போனால், நாகேஸ், அவர் என்னைவிடத் துடித்துக்கொண்டிருக்கிறார்! உன் கடிதத்தில் ஐறீன் சிரித்த இடத்தை அவர் திரும்பத் திரும்ப வாசித்தார்.

"நீ இல்லாத நேரம் பாத்து வோட்டெடுக்கப் போறாங்களா? என்ன அநியாயம் இது! நீ போய்க் கை தூக்கணும். உடாத!"

"அப்ப ட்ராமில போறேன் வாப்பா."

"ட்ராம்ல போவாணாம்."

"அப்ப எப்படிப் போறது?"

"அது எனக்குத் தெரியா. ஆனா நீ கை தூக்கணும்."

இதற்கு மேல் அவரோடு என்ன கதைப்பது? நான் 'இல்லை' சொல்லவும் வேண்டும், வீட்டை விட்டுப் போகவும் கூடாது. வாடகைக் கார் பிடித்துத் தாருங்கள் என்றேன். சபை தரவேண்டிய காரைத் தான் தந்தால் சபை ஜெயித்துவிடுமாம். உம்மா சமையலறையிலிருந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வாக்கைக் கடிதத்தில் எழுதி ஐறீனுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. விதிப்படி கை மண்டபத்துக்குள் உயரவேண்டுமாம். என் கை கொட்டாஞ்சேனையில் உயர்ந்தால் அது செல்லாதாம்.

நீ ஆசைப்பட்ட சீர்திருத்தம் சனிக்கிழமை கிடைக்கும். நன்றாக இரு. உன் நான்கு பேரைப் பற்றி எனக்கு எழுதாதே. நீங்கள் மற்ற மூன்று பேரும் என்னை மறந்துவிட எவ்வளவு நேரம் பிடிக்கும்?

றஸ்மியா

*

உ

வெள்ளவத்தை
22 செப்டெம்பர் 1946

அன்புள்ள றஸ்மியா,

நிறைவேறவில்லை.

என் தீர்மானத்தை நான் எழுந்து வாசித்தேன். ஜெனீவா எப்படி முடங்கியது என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. உன் கதிரைக்கு முன்னால் லைபீரியாவின் கடதாசிக் கொடி மட்டும் இருந்தது. காற்றுக்கு விழ விழ எகிப்து அதை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். ஐறீன், "ஆதரிப்பவர்கள்?" என்றாள். பிரிட்டன், சீனா, எகிப்து, மெக்சிக்கோ. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கை மடியில் இருந்தது.

"எதிர்ப்பவர்கள்?" என்று பேச்சுக்குத்தான் கேட்டாள். நான் கை தூக்கினேன்.

"மை குட்னஸ், நோர்வே! இது உன்ட தீர்மானம்!"

"ஓம்."

"உனக்கு மூளை குழம்பிப்போச்சா?"

"லைபீரியா இல்லாமல் இது ஏகமனது இல்லை. இது களவு" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்ல நினைத்திருக்கவில்லை, வாயில் வந்துவிட்டது. பிறகு ஐறீன் வரவுசெலவை வாக்குக்கு விட்டாள். அதற்கும் எதிர்த்தேன். இந்த முறையும் தேத்தண்ணி இல்லை. மெக்சிக்கோ என்னோடு கதைப்பதில்லை. அடுத்த கூட்டத்துக்குப் பிறகு வேறு செயலாளரைத் தெரிவுசெய்வார்களாம். அந்த விஷயத்துக்கு ஏகமனது வேண்டியதில்லை.

நேரே வீட்டுக்கு வந்து அம்மாவிடம், அடுத்த கூட்டத்தைக் கொட்டாஞ்சேனையில் வைத்தால் என்ன என்று கேட்டேன்.

"என்ன கதை இது? ஹார்பர் பக்கம் குமர்ப்பிள்ளையளை விடுறதே?"

"நாங்கள் அங்கைதானே அம்மா குடியிருந்தனாங்கள்?"

"அது அப்ப!"

உன் வாப்பா ட்ராமைச் சொல்கிறார், என் அம்மா ஹார்பரைச் சொல்கிறார். இவர்களுக்கு நடுவில் உலக சமாதானத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ என்னோடு கோபமாக இருக்கலாம். ஆனால் மறந்துவிடுவேன் என்று மட்டும் இனி எழுதாதே.

நாகேஸ்

*

786

கொட்டாஞ்சேனை
27 செப்டெம்பர் 1946

அன்புள்ள நாகேஸ்,

இந்த முறை வாப்பா உரத்து வாசிக்கவில்லை. தனியே வாசித்தார். வாசித்து முடித்துக் கடிதத்தை மடித்து என் கையில் தந்தார். வழக்கமாக மேசையில் போடுவார்.

"தன்ட தீர்மானத்துக்குத் தானே எதிரா கை தூக்கிச்சா, அந்தப் புள்ள?"

"ஓம் வாப்பா."

"அவளுக்கு என்ன லாபம்?"

"ஒண்டும் இல்ல. செயலாளர் வேலயும் போகப் போகுது."

அவர் தாடியைத் தடவினார். ஒழுங்கைக் கதவு விஷயத்தில் தனக்காக யாரும் இப்படிக் கை தூக்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு சொன்னார்: "அந்தப் புள்ளைய நான் பாக்கணும். அஞ்சாந்திகதி கூட்டத்துக்குக் கடைய நேரத்தோட பூட்டுறேன். கார் பிடிச்சு நானே கூட்டிப் போறேன். இந்த ஒருக்காத்தான். பொறகு சபை பாத்துக்கொள்ளட்டும்."

புவாத் நானா நம்பவில்லை. வாப்பா சனிக்கிழமையில் கடையைப் பூட்டியது ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று சனம் ஓடிய காலத்தில்தானாம்.

ஆகவே வருகிறேன். வந்து எதற்குக் கை தூக்குவேன் என்று சொல்லமாட்டேன். வாப்பாவின் விருப்பம் உனக்குத் தெரியும். வழி முழுக்க, "உட்டுக் குடுக்காத" என்று சொல்லிக்கொண்டு வருவார்.

எனக்கு நீ ஒன்று சொல்லவேண்டும். உன் நான்கு பேர் யார்? நாடுகளின் பெயரைச் சொல்லாதே. ஆட்களைச் சொல். அவர்கள் ஏன் எனக்காகக் கை தூக்கவேண்டும்?

றஸ்மியா

*

உ

வெள்ளவத்தை
1 ஒக்டோபர் 1946

அன்புள்ள றஸ்மியா,

உனக்காக யாரும் கை தூக்கத் தேவையில்லை. அதுதான் நான் கண்டுபிடித்தது. எகிப்தாக வரும் நஸீறா கிராண்ட்பாஸில் இருக்கிறாள். அவளை ட்ராமில் கூட்டி வருகிற சாச்சா, அவள் வாப்பாவின் தம்பி, கூட்டம் முடியும்வரை மண்டப வாசலில் குடையோடு நின்று எல்லோரையும் முறைப்பார். ஐந்தாம் திகதிக்குப் பிறகு வரமாட்டேன் என்று அவரும் சொல்லிவிட்டாராம். சீனாவின் வீடு மருதானை. பொழுதுபட முன் வீடு போய்ச் சேராவிட்டால் அவள் அம்மா அடுத்த முறை விடமாட்டார். ஆகவே கார் கொட்டாஞ்சேனையில் புறப்பட்டு, கிராண்ட்பாஸ், மருதானை வழியாக மூன்று பேரையும் ஏற்றி வரட்டும். அந்த வரி இப்போது நீ மட்டும் இல்லை.

நஸீறா, சீனா, நீ, நான். நான்கு. இரண்டு பேரும் எனக்குச் சத்தியம் செய்து தந்திருக்கிறார்கள். சீனாவுக்கு இருமல், அதுதான் கொஞ்சம் கவலை.

சீர்திருத்தம் முதலில் வரும், அதற்குப் பிறகுதான் வரவுசெலவு. நீ ஓம் சொன்ன நிமிடத்திலிருந்து உன்னால் எதையும் தடுக்க முடியாது. அதை மறைத்து உன்னிடம் வாக்குக் கேட்க மாட்டேன்.

மாமா, நீங்கள் வருவது சந்தோஷம். பார்வையாளர்கள் கூட்டத்தில் கதைக்கக் கூடாது என்பது விதி. மன்னிக்கவும்.

நாகேஸ்

*

786

கொட்டாஞ்சேனை
6 ஒக்டோபர் 1946

அன்புள்ள நாகேஸ்,

நேற்று உன்னோடு ஒரு வார்த்தைகூடக் கதைக்க முடியவில்லை. வாப்பா மஃரிப் தொழுகைக்கு முன் வீடு சேரவேண்டுமென்று என்னைக் காருக்குள் தள்ளாத குறை. நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும், நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் என் கதிரையிலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது.

உள்ளே வந்ததும் சீனாவின் கதிரையைத்தான் பார்த்தேன். காலி. இருமல் காய்ச்சலாகிவிட்டது என்று நஸீறா என் காதில் சொன்னாள். நீ என் பக்கம் பார்க்கவில்லை. காகிதங்களை அடுக்கி, குலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாய். ஐந்து பேர் வந்தால் மூன்றில் இரண்டுக்கு நான்கு கை வேண்டும். எங்களிடம் மூன்றுதான். கணக்கு எனக்கும் வரும், நாகேஸ்.

அப்போது ஐறீன், "சீர்திருத்தத்தை ஆதரிப்பவர்கள்?" என்றாள்.

'இல்லை' என்றால் ஒன்றும் கெட்டுப்போகாது. அட்டையும் வராது, காரும் வராது, தேத்தண்ணியும் வராது, நானும் இனி வரமாட்டேன். எல்லாம் அப்படியே பத்திரமாக இருக்கும், வாப்பாவின் ஒழுங்கை போல. மற்றவர்களின் கையோடு உன் கையும் உயர்ந்திருந்தது. முந்திய கூட்டத்தில் அதே கை நான் இல்லாத இடத்தில் எனக்காக உயர்ந்தது என்று நினைத்தேன். என் கையையும் தூக்கினேன்.

"ஏய் புள்ள! கையக் கீழ போடு!"

வாப்பாவின் சத்தத்துக்கு மண்டபமே திரும்பிப் பார்த்தது. எனக்கு மேசைக்குக் கீழே புகுந்துவிடலாம் போலிருந்தது. ஐறீன் மணியை அடித்து, "விசிட்டர்ஸ் கதைக்கக் கூடாது, அங்கிள்" என்றாள். மெயின் வீதியில் யாராலும் உட்காரவைக்க முடியாத மனுஷன், நாகேஸ், தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கையைக் கீழே போடவில்லை. சீர்திருத்தம் நிறைவேறியது.

பிறகு வரவுசெலவை வரி வரியாக எடுத்தார்கள். முதலில் நீ சேர்த்த 'பிரயாணம்'. நீ, நஸீறா, நான். மூன்று கை. மெக்சிக்கோ கூரையைப் பார்த்தாள். நான் எழுந்தேன். இந்த முறை அட்டையைப் பற்றிக் கதைக்கவில்லை. "இந்தக் கார் இல்லாவிட்டால் லைபீரியா இனி வராது. லைபீரியா என்றால் நான்" என்றேன். எல்லோரும் என் முக்காட்டைப் பார்த்தார்கள்தான். பார்த்தால் பார்க்கட்டும் என்று நின்றேன். ஐறீன் என்னைப் பார்த்தாள், பின்னால் இருந்த வாப்பாவைப் பார்த்தாள், மூடியிருந்த தேத்தண்ணிப் பாத்திரத்தையும் பார்த்தாள்.

"ஐயோ, போதும்! ஒரு மாதமா இந்தக் கார்!" என்று சொல்லிக்கொண்டே கையைத் தூக்கினாள். அவள் மனம் இளகியதா, தொண்டை வறண்டதா என்று எனக்குத் தெரியாது. நான்காவது கை அவளுடையது.

அதற்குப் பிறகு வந்தது பொன் விளிம்பு அட்டை. "லைபீரியா எதிர்க்கிறது" என்றேன். நான் ஒருத்திதான். நீயும் அதற்குக் கை தூக்கினாய், கண்டேன்! ஐறீன், "நிறைவேறியது" என்று மணி அடித்தாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெக்சிக்கோ பட்டீஸ் தட்டுக்கு ஓடிவிட்டாள். போன மாதம் இதே சொல்லுக்கு ஐந்து நாடும் ஆடிப்போனது. நேற்று ஒரு கொடிகூட அசையவில்லை. எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது தெரியுமா?

கார் கொச்சிக்கடை வந்தது. நான் திரை இடுக்கால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். திடீரென்று வாப்பா, "அட்டையில தோத்துட்டுத்தானே வார?" என்றார்.

"ஓம் வாப்பா."

"தோத்துட்டு வார மொகமா இது?"

அப்போதுதான் நான் சிரித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது வாப்பா, "மூணுல ரெண்டு பங்கு என்டா, பதினெட்டுக் கடைக்கு எத்தின கை?" என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். "சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

19ஆம் திகதிக் கூட்டத்துக்குக் கார் வரும். உங்கள் அட்டை வீண் செலவு என்று அன்றைக்கும் எழுந்து சொல்லப் போகிறேன். தோற்பேன். அதற்கு அடுத்த கூட்டத்திலும் சொல்வேன்.

இப்படிக்கு,
றஸ்மியா